சொலிசிட்டர் பில்லில் திடீரென முளைத்த கட்டணங்கள்

இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்கியபோது, சாவி கைக்கு வரும் நேரத்தில் சொலிசிட்டரின் (வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வக்கீல்) இறுதி பில் வந்தது. முதலில் சொன்னதைவிட நன்றாகவே கூடுதல். லீஸ்ஹோல்டுக்கு (நிலம் சொந்தமாகாமல், நீண்டகாலக் குத்தகை உரிமையில் வாங்குவது) தனி, அப்பா கொடுத்த டெபாசிட் பணத்தைச் சரிபார்க்கத் தனி, ஸ்டாம்ப் டியூட்டி படிவம் நிரப்பவும் தனி! லேண்ட் ரெஜிஸ்ட்ரி (அரசின் சொத்துப் பதிவு அலுவலகம்) கட்டணம் போன்றவை வெளியே கட்டுகிற பணம். அதில் பேரம் கிடையாது. அவர்களே சேர்த்தவற்றைத்தான் பிடித்தேன். ஆரம்ப மதிப்பீட்டைப் பக்கத்தில் வைத்து, அதில் இல்லாத ஒவ்வொன்றையும் "இதை எப்போது சொன்னீர்கள்?" என்று மின்னஞ்சலில் கேட்டேன். போனில் பேசினால் காற்றோடு போய்விடும். பதில் மழுப்பலாக இருக்கவே, அவர்களிடமே முறைப்படி புகார் எழுதினேன். 8 வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் (வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) போவேன் என்றும் சேர்த்தேன். அப்புறம் டெபாசிட் சரிபார்ப்பு, படிவம் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். லீஸ்ஹோல்டு கட்டணம் மதிப்பீட்டிலேயே பொடி எழுத்தில் இருந்தது. சரி என்று கட்டினேன்.