புகார் எண் வந்தும் பள்ளம் அப்படியே இருக்கிறதா? நாம் செய்யும் சில தவறுகள்

எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளம் இருந்தது. ஸ்கூட்டர் முன்சக்கரம் முழுதாக இறங்கும் அளவுக்குப் பெரியது. தெருவில் இருக்கும் எல்லோரும் மாறி மாறிப் புகார் கொடுத்தோம். ஜல்லியும் தாரும் கொட்டி மூடுவார்கள், பத்தே நாளில் மறுபடி உள்வாங்கும். கடைசியில் ஒரு வயதான கொத்தனார்தான் சொன்னார்: "பள்ளம் ரோட்டுல இல்லீங்க, கீழ குழாய் உடைஞ்சிருக்கு. மண்ணெல்லாம் அது உள்ள இறங்குது." அதுவரை சாலைக்காரர்களிடம் முறையிட்டோமே தவிர, குழாய்க்காரர்களிடம் ஒருவர்கூடப் போகவில்லை.

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. தெருவில் கண்ணில் படும் எல்லாமே மாநகராட்சியுடையது என்று நினைத்துவிடுகிறோம். சென்னையையே எடுத்துக்கொள்வோம். உட்புறத் தெருக்கள், தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா எல்லாம் மாநகராட்சி பார்க்கும்; புகார் எண் 1913. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் வேலை. அதற்கு 044-4567 4567. ஜிஎஸ்டி சாலை, உள்வட்டச் சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைகளின் பொறுப்பு. தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குப் போன் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்சாரம் கொடுப்பது வாரியம் என்றாலும், விளக்கைப் பராமரிப்பது உள்ளாட்சிதான். இது கிராம ஊராட்சிக்கும் பொருந்தும். விளக்குப் புகார் என்றால், கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது, புகாரை எழுதும் விதம். "எங்கள் ஏரியாவில் ரோடு ரொம்ப மோசம், குப்பையும் அள்ளுவதில்லை" என்று எழுதினால் அந்தப் புகார் யாருடைய மேஜைக்குப் போகும்? சாலைக்கு ஒரு பொறியாளர், குப்பைக்கு ஒரு சுகாதார அலுவலர் என்று ஆள் தனித்தனி. ஒரு புகாரில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, எவ்வளவு நீளம், எத்தனை நாளாக என்று எழுதுங்கள். பள்ளத்தை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பினால், அது எந்த ஊர்ப் பள்ளமாகவும் இருக்கலாம். பக்கத்துக் கடையோ வீடோ தெரிகிற மாதிரி எடுங்கள்.

"முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்ததும் சோர்ந்து விட்டுவிடுவது இன்னொரு தவறு. வேலை நடக்கவில்லையென்றால் அன்றைய தேதிப் படத்தோடு மறுபடி போடுங்கள், பழைய புகார் எண்ணையும் சேர்த்து. அப்படியும் நகரவில்லையென்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் பலரும் அதில் "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டு மனுவை வீணாக்கிவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தில் கையில் கிடைப்பது ஆவணம், விளக்கம் அல்ல. வேலை ஆணையின் நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்தக்காரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் எதுவரை, இவற்றைக் கேளுங்கள். போட்ட ரோடு அந்தக் காலத்துக்குள் பெயர்ந்திருந்தால், அதைச் சரிசெய்வது அவர் கடமை.

இனி, என் மனசை ரொம்ப உறுத்தும் விஷயம். புது ரோடு வருகிறது என்றால் தெருவே சந்தோஷப்படுகிறது, ஆனால் எப்படிப் போடுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு காலத்தில் மூன்று படி ஏற வேண்டும். பாட்டி நடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வார். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது வாசலுக்கு ஒரு படி இறங்க வேண்டும். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் முதலில் வருவது கூடத்துக்குத்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதாவது 'மில்லிங்' செய்துவிட்டு, அதே உயரத்துக்குத்தான் புது ரோடு போட வேண்டும். 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதைத் தெளிவாகவே வலியுறுத்தினார். வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கும், காலையில் பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே, காம்பவுண்டு சுவரில் இப்போதைய ரோட்டு மட்டத்தை பெயின்டால் ஒரு கோடு போட்டுத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அப்புறம் பேசுவதற்கு அந்தக் கோடு ஒன்றே போதும்.

கூடவே, குடிநீர், கழிவுநீர் இணைப்பு வேலை ஏதாவது பாக்கி இருந்தால் ரோடு போடும் முன்பே முடித்துவிடுங்கள். புது ரோட்டை வெட்டி ஒட்டுப்போட்டால் மழைத்தண்ணீர் முதலில் இறங்குவது அந்த ஒட்டில்தான். மழைக்காலத்தில் ரோட்டை வெட்ட அனுமதியும் கிடைக்காது.

மழைநீர் வடிகாலிலும் நம் பங்கு இருக்கிறது. வாசலைப் பெருக்கி, மண்ணை அப்படியே ரோட்டோர வடிகால் துவாரத்தில் தள்ளுகிறோம். கார் ஏற வசதியாக வடிகால் மூடிமேல் சிமென்ட் சரிவு கட்டிவிடுகிறோம், அப்புறம் தூர்வார மூடியைத் திறக்க வழியில்லை. செப்டிக் டேங்கை இதில் இணைத்துவிடுவது எல்லாவற்றையும்விட மோசம். அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. மழை நாளில் நாம் கால் வைப்பதும் அதே தண்ணீரில்தான்.

குப்பைக்கு வருவோம். சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் சேர்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. "அவங்க எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க, நான் எதுக்குப் பிரிக்கணும்?" என்ற கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். ஒருநாள் குப்பை எடுக்கப் பேட்டரி வண்டியில் வரும் அக்கா, முடிச்சுப்போட்ட ஒரு பையைப் பிரித்தார். சாம்பார் ஊறிய தாளுக்கடியில் உடைந்த டம்ளர். கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலில் இறங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கண்ணாடியைக் கெட்டி அட்டையில் சுற்றி, மேலே எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள். நாப்கின், டயபரைத் தாளில் சுற்றிக் கொடுங்கள். ஊசி, பல்பு, காலாவதியான மருந்து எதுவும் சாப்பாட்டுக் குப்பையோடு சேரக் கூடாது. காய்ந்த இலைதானே என்று கொளுத்துவதும் வேண்டாம்.

பூங்கா விஷயத்தில் ஒன்று மட்டும். பெரிய மனைப்பிரிவுகளிலும் குடியிருப்புகளிலும் 10 சதவீதம் பொது இடமாக விட்டு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வீடு வாங்கும்போது அந்த இடம் எங்கே என்று வரைபடத்தில் பார்க்காமல் விட்டுவிட்டால், பின்னாளில் அங்கே கடை முளைக்கும்போது நம் கையில் காகிதம் இருக்காது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள். அங்கே போய் ஆவேசமாகப் பேசிவிட்டு, தீர்மானத்தில் எழுதப்பட்டதா என்று பார்க்காமல் திரும்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. பேசியது பதிவேட்டில் ஏற வேண்டும். எந்தத் தெரு, என்ன வேலை என்று எழுதச் சொல்லி, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், மேலே காலி இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை அடித்துக் கோடு போட்ட பிறகு போடுங்கள்.