மேசனா, ஓடாவியா, வயரிங்கா? திருகோணமலையில் கட்டட வேலை பழகத் தொடங்குகிறவர்களுக்கு

ஓ.எல், ஏ.எல் முடித்துவிட்டு "ஏதாவது ஒரு கைவேலை பழகுவோம்" என்று யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். கட்டட வேலையில் முன்னனுபவம் ஒன்றும் தேவையில்லை. என்னுடைய கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வேலை என்பது பாதிதான், யாரிடம் பழகுகிறீர்கள் என்பதுதான் மீதி. அந்த மீதியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: போய்ப் பாருங்கள்

வீட்டில் இருந்து யோசித்து வேலையைத் தெரிவு செய்ய முடியாது. உங்கள் ஊரில் கட்டிக்கொண்டிருக்கிற வீடு ஒன்றுக்குப் போய், வீட்டுக்காரரிடமோ மேசனிடமோ கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். காலை எட்டு மணிக்குப் போனால் எல்லா வேலையும் அழகாகத்தான் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் சுள்ளென்று அடிக்கிற இரண்டு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் ஆட்கள் செய்துகொண்டிருக்கிற வேலையைப் பார்த்து "இதை நான் செய்வேன்" என்று தோன்றினால் அதுதான் உங்கள் வேலை.

மேசன் வேலைக்கு ஆள் தேவை எப்போதும் இருக்கும். அத்திவாரம் முதல் பூச்சு வரை எல்லாம் அவர் கையால்தான். ஆனால் முதுகும் தோளும் தாங்க வேண்டும். டைல்ஸ் பதிப்பது நிழலுக்குள் நடக்கிற வேலை; காசும் பரவாயில்லை. ஆனால் நாள் முழுக்க முழங்காலில் நிற்க வேண்டும், கல் வெட்டுகிற தூசி நெஞ்சுக்குள் போகும். ஓடாவி வேலைக்குப் பொறுமையும் கண் அளவும் வேண்டும். கதவு யன்னலில் ஒரு பகுதியை அலுமினியம் பிடித்துக்கொண்டாலும், கூரை மரம், நிலை, அலுமாரி என்று வேலை இருந்துகொண்டுதான் இருக்கிறது. பைப் வேலை மற்றவற்றைவிடக் கெதியாகப் பிடிபடும். அழுக்குக்கு முகம் சுளிக்காதவருக்கு வருடம் முழுக்கத் திருத்த வேலை வரும். பெயின்ற் அடிப்பது தொடங்க இலகு, அதனாலேயே போட்டியும் கூட.

வயரிங்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்புக்குப் பாரம் குறைவு, தலைக்குப் பாரம் கூட. நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ற். அரைகுறையாகப் பழகினவர் செய்த வேலையில் சாவது அவராக இல்லாமல் அந்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியக் கஷ்டப்படுகிறவர்கள் பழகத் தொடங்கும் முன்பே கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை மேசன் வேலை மாதிரிப் பார்த்துப் பார்த்தே பழகிவிடலாம் என்று நினைக்காமல், பயிற்சி நிலையம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது என் பிடிவாதமான அபிப்பிராயம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. ஐப்பசி பிற்பகுதியில் மாரி தொடங்கினால் தை வரைக்கும் வெளிவேலை விட்டு விட்டுத்தான் நடக்கும். அத்திவாரக் கிடங்குக்குள் தண்ணீர் நிற்கும், மேசன் வீட்டில் நிற்பார். அதே மாதங்களில்தான் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்காரர்கள் சித்திரைக்கு முன் அறைகளைத் திருத்தி முடிக்க ஆள் தேடுவார்கள். குளியலறை டைல்ஸ், பைப், வயரிங், பெயின்ற் எல்லாம் உள்வேலை. ஆகவே வெளிவேலை ஒன்றைப் பிரதானமாகப் பழகினால், பக்கத்தில் ஓர் உள்வேலையையும் கைக்குள் வைத்திருங்கள். மேசனுக்கு டைல்ஸ் நல்ல சோடி.

படி 2: ஆளைத் தெரிவு செய்யுங்கள்

இனி மேசன் வேலையையே உதாரணமாக எடுத்துச் சொல்கிறேன். சொந்தக்காரர் மேசன் என்பதற்காக அவரிடமே போய்ச் சேர வேண்டும் என்று இல்லை. சேர முன் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, அவர் கட்டின சுவர், பூசுமுன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள சாந்து ஒரே தடிப்பில் இருக்கிறதா, மேல் வரிசையின் பொருத்து கீழ்க் கல்லின் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். மூடப்போகிற வேலையையே ஒழுங்காகச் செய்கிறவரிடம்தான் பழக வேண்டும்.

இரண்டு, பின்னேரம் வேலை முடிந்தபின் கரண்டியையும் தாச்சியையும் கழுவி வைக்கிறாரா என்பது. கழுவாமல் எறிந்துவிட்டுப் போகிறவர் உங்களுக்கும் அதைத்தான் பழக்குவார்.

மூன்றாவதை நேரே கேளுங்கள்: "அண்ணா, உங்களிட்ட வேலை பழகின பெடியங்கள் இப்ப எங்க நிக்கிறாங்க?" அவர்கள் இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறார்கள் என்றால் நல்ல ஆள். வருடக்கணக்காக இன்னமும் கையாட்களாகவே நிற்கிறார்கள் என்றால், அவருக்குத் தேவை சாந்து சுமக்க ஓர் ஆள், அவ்வளவுதான்.

கடற்கரை மண்ணை அள்ளிக் கொங்கிறீட் போடுகிறவரிடம் ஒரு நாளும் நிற்க வேண்டாம். அந்த உப்பு உள்ளே இருக்கிற கம்பியைத் தின்னும். சில வருடத்தில் பீம் வெடித்துக் கொட்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் இருந்து மகாவலி மணல் வருகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் செய்ய ஒரு நியாயமும் இல்லை.

சம்பளத்தை முதல் நாளே பேசுங்கள். கையாள் சம்பளம் வாங்குவது சரிதான். கூடவே, "பின்னேரம் கொஞ்ச நேரம் கல்லு வைக்க விடுவீங்களா அண்ணா?" என்றும் கேட்டு வையுங்கள். நல்ல மேசன் சிரித்துக்கொண்டே ஓம் என்பார்.

படி 3: பயிற்சி நிலையமா, வேலைத்தளமா?

இரண்டும் வேண்டும். எது முதல் என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் பயிற்சிகளும் இருக்கின்றன. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை (எல்லாரும் 'நைட்டா' என்பார்கள்) உங்களை ஒரு வேலைத்தளத்தில் பயிலுனராகச் சேர்த்துவிடும். அரச நிலையங்களில் பல பயிற்சிகள் கட்டணம் இல்லாமலோ குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. எந்தப் பாடநெறி எப்போது தொடங்குகிறது, தமிழில் நடக்கிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் உள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம். பேஸ்புக் விளம்பரத்தை மட்டும் நம்பித் தனியார் நிலையத்துக்குக் காசு கட்ட வேண்டாம். அந்த நிலையமும் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா என்று முதலில் பாருங்கள்.

18 வயது ஆகவில்லை என்றால் நிலையத்தில் தொடங்குங்கள். ஆபத்தான வேலைகளில் அந்த வயதுக்குக் குறைந்தவரை ஈடுபடுத்துவது சட்டப்படி தடை.

படி 4: சாமான்

மேசன் வேலைக்கு முதலில் தேவையானது ஒரு கரண்டி, தூக்குக்குண்டு (சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க), மூலைமட்டம், அளவு நாடா, நூல், சிறிய சுத்தியல். ஸ்பிரிட் லெவல் ஒன்றும் வாங்குங்கள். ஹாட்வெயார் கடையில் வாங்கும்போது ஒரு சமதளத்தில் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபக்கம் திருப்பி வையுங்கள். இரண்டு தரமும் குமிழ் ஒரே இடத்தில் நின்றால் லெவல் சரி. நிற்காவிட்டால் வேறொன்று கேளுங்கள், கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள். மின்சுத்தியல், கிரைண்டர் எல்லாம் இப்போது வேண்டாம்.

சப்பாத்தும் றப்பர் கையுறையும் சாமான் கணக்கில்தான் வரும். ஈரச் சீமெந்து தோலை எரிக்கும், அதுவும் உடனே தெரியாது, இரவில்தான் தெரியும். செருப்போடு கொங்கிறீட்டுக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்துப் பழக வேண்டாம்.

படி 5: வளவுக்குள் ஒரு சுவர்

வேலைக்குச் சேர முன்பே இதை வீட்டில் செய்யலாம். ஆறங்குலச் சீமெந்துக் கல் இருபது, ஒரு குவியல் மணல், கொஞ்சம் களிமண் போதும். சீமெந்து வேண்டாம். களிமண்ணையும் மணலையும் குழைத்துக் கட்டினால் கட்டினதைப் பிரித்து, கல்லைக் கழுவி, திரும்பவும் கட்டலாம்.

முதலில் மூலை. நிலத்தில் ஓர் ஆணி அடித்து, ஒரு பக்கம் நூலில் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி வரும்வரை ஒரு நூலை அசைத்தால் மூலை சரியான செங்கோணமாகிவிடும். பெரிய அத்திவாரத்துக்கு 6, 8, 10 என்று எடுத்தால் பிழை குறையும். பள்ளிக்கூடத்தில் பைதகரஸைத் திட்டினவர்கள் இங்கேதான் அவரோடு சமாதானமாவார்கள்.

அடுத்தது மட்டம். முப்பதடி அளவு தெளிவான பிளாஸ்ரிக் ரியூப் ஒன்றை எடுத்து, ஒரு முனையால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். உள்ளே காற்றுக்குமிழ் ஒன்று கூட நிற்கக்கூடாது; நின்றால் மட்டம் பொய் சொல்லும். இரண்டு முனையையும் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன்பின் ஒருவர் ஒரு மூலைக்கும் மற்றவர் மறு மூலைக்கும் போகலாம். நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் முனைகளைப் பெருவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள், வாசிக்கும்போது இரண்டு பேரும் விரலை எடுத்துவிட வேண்டும். ஒருவர் எடுக்க மறந்தாலும் அளவு பிழைக்கும். ஆட்டம் நின்றபின் தண்ணீர் நிற்கிற இடத்தில் இரண்டு பக்கமும் கோடு போடுங்கள். லேசர் லெவல் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் பற்றறி தீராத கருவி இதுதான்.

இனிக் கல். இரண்டு மூலைக் கல்லையும் முதலில் வைத்து, அவற்றுக்கு இடையே நூலை இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் வருகிற கற்கள் நூலைத் தொடக்கூடாது, மயிரிழை விலகி நிற்க வேண்டும். தொட்டால் நூல் வளையும், பிறகு சுவரும் வளையும். சாந்து அரை அங்குலத் தடிப்பு. கல்லை வைத்துக் கரண்டிப் பிடியால் தட்டி இறக்குங்கள். செங்கல் என்றால் கட்டுமுன் நன்றாக நனைக்க வேண்டும். சீமெந்துக் கல்லை அப்படி ஊறவைக்கக்கூடாது. மூன்று வரிசை கட்டி, லெவலும் தூக்குக்குண்டும் பிடித்துப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். கோணல் இல்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பக் கட்டுங்கள்.

படி 6: தளத்தில் முதல் மாதங்கள்

அநேகமாகச் சாந்து குழைக்கத்தான் விடுவார்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். கல்லுக்கட்டுக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல், சாதாரண கொங்கிறீட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று சீமெந்து, மணல், சல்லிக்கல். சீமெந்து எங்கள் சீனன்குடாவில் அரைத்து 50 கிலோ பையில் வருவதாகவே இருந்தாலும் அளவு பிழைத்தால் அது கைகொடுக்காது. சவளால் எண்ணிப் போடாமல் வாளியால் அளந்து போடுங்கள், ஏனென்றால் பின்னேரமாகக் களைப்பில் சவள் நிறைவது குறையும். குழைத்த சாந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். இறுகத் தொடங்கினதில் தண்ணீர் விட்டுத் திரும்பக் குழைப்பது கள்ள வேலை.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பூச்சுதான் பெரிய சோதனை. காலையில் பூசின சுவர் மத்தியானத்துக்குள் வெளுத்து, மறுநாள் சிலந்தி வலை மாதிரி வெடித்துக் கிடக்கும். பூசுமுன் சுவரை நனைக்க வேண்டும். வெயில் நேரே விழுகிற பக்கத்தைக் காலையில் பூசாமல், நிழல் விழுந்தபின் பூச வேண்டும். அடுத்த நாளில் இருந்து குறைந்தது 7 நாள் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும். சிலாப் என்றால் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். தண்ணீர் அடிப்பது கையாளின் வேலைதான். யாரும் பார்க்காவிட்டாலும் அதைத் தவறாமல் செய்கிற கையாளை மேசன் கெதியாகக் கண்டுபிடித்துவிடுவார், கரண்டியும் கைக்கு வரும்.

படி 7: கையில் ஒரு பேப்பர்

தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடியவர் என்பதற்கு நான்காம் மட்டம்; நீங்கள் குறிவைக்க வேண்டியது அதுதான். வயரிங்காரருக்கு இது இன்னும் முக்கியம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்னியலாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் முறை என்.வி.கியூ. தகைமையை அடிப்படையாகக் கொண்டது.

வகுப்புக்கே போகாமல் தளத்தில் பழகினவர்களும் இதை எடுக்கலாம். முன் அனுபவத்தைக் கணக்கில் எடுத்து மதிப்பீடு செய்கிற முறை நைட்டாவில் இருக்கிறது. மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்காக முதல் நாளில் இருந்தே ஒரு கொப்பி வைத்திருங்கள்: எந்த ஊரில், யாருடைய தளத்தில், என்ன வேலை, எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை. போனில் படம் எடுக்கும்போது முடிந்த சுவரோடு நின்று எடுப்பதைவிட, கரண்டியோடு வேலை செய்கிற படமாக எடுங்கள். தளம் முடியும்போதே கொந்தராத்துக்காரரிடம் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடிப் போனால் அவர் கட்டாரில் இருப்பார்.