பாறைக் குட்டையில் எது எப்படி நகர்கிறது: டர்பன் கரையில் பார்த்துப் பழகும் முறை

டர்பன் கடற்கரைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் கொட்டலசை (barnacle) பார்க்கிறவர்கள் அதைச் சிப்பி இனம் என்றே நினைப்பார்கள். ஒரு அலை வந்து மூடியதும் அதன் உச்சியில் இருக்கும் கதவு திறக்கும். இறகு போன்ற ஆறு ஜோடிக் கால்கள் வெளியே வந்து நீரை வாரி இரை பிடிக்கும். அந்தக் கால்களில் மூட்டுகள் இருக்கின்றன. ஆகவே கொட்டலசு நண்டுக்கும் இறாலுக்கும் உறவு, சிப்பிக்கு அல்ல. நிறத்தையும் ஓட்டையும் பார்த்து இனம் பிரிக்கப் பழகிய பிள்ளைகளுக்கு முதலில் இதைக் காட்டுங்கள். அசைவைப் பார்த்தால்தான் உடலமைப்பு புரியும்.

டர்பனின் ப்ளஃப் பகுதியில் உள்ள டிரெஷர் பீச், இசிப்பிங்கோ, உம்லோட்டி மூன்றிலும் நல்ல பாறைக் குட்டைகள் உண்டு. மெர்பேங்க் பக்கம் இருப்பவர்களுக்கு டிரெஷர் பீச் மிக அருகில். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஓரிரு நாள் கழித்துப் போக வேண்டும். அப்போதுதான் கடல் அதிக தூரம் வற்றும். டர்பனில் அந்த நாட்களின் பகல் வற்று நேரம் காலை பத்து மணியையொட்டி அமையும். சரியான நேரத்தைத் தென்னாப்பிரிக்கக் கடற்படை வெளியிடும் அலை அட்டவணையில் பாருங்கள். வற்று நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே இறங்கி, நீர் ஏறத் தொடங்கியதும் கரையேறிவிட வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி யாரும் நிற்கக் கூடாது.

கையில் தேவைப்படுபவை: அடியும் பக்கமும் தெளிவாகத் தெரியும் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒரு அளவுகோல், மெதுவோட்ட வீடியோ எடுக்கும் போன், வழுக்காத பழைய ஷூ. டப்பாவில் குட்டை நீரையே நிரப்பி நிழலில் வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெயிலில் நீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும். விலங்கு சோர்ந்து அசையாமல் கிடக்கும், நீங்கள் பார்க்க வந்ததும் நடக்காது. ஒரு டப்பாவில் ஒரு விலங்கு போதும்.

நட்சத்திர மீனில் தொடங்குவது நல்லது, ஏனெனில் அதன் நடை அதன் உறவுகளைத் தவிர வேறு எந்த விலங்குக் கூட்டத்திலும் இல்லாதது. பாறையில் இறுகப் பிடித்திருப்பதைப் பிய்க்காதீர்கள், குழாய்க்கால்கள் அறுந்துவிடும். தானாக நகர்ந்துகொண்டிருக்கும் சிறிய ஒன்றைத் தேர்ந்து, அதன் முன் டப்பாவைச் சாய்த்து ஏறவிடுங்கள். அது சுவரில் ஏறியதும் வெளிப்பக்கமிருந்து பாருங்கள். ஐந்து கைகளின் அடியிலும் வரிசையாகக் குழாய்க்கால்கள் நீளும், ஒட்டும், விடும். ஒவ்வொரு காலுக்கும் மேலே உடலுக்குள் ஒரு சிறு பை உண்டு. மருந்து சொட்டும் குழாயின் ரப்பர் குமிழைப் போல அது சுருங்கும்போது நீர் கீழே தள்ளப்பட்டுக் கால் நீளும். காலின் சொந்தத் தசை சுருங்கும்போது நீர் பைக்குத் திரும்பும். ஒட்டுவது உறிஞ்சுதலால் மட்டுமல்ல. கால் நுனி ஒரு பசையைச் சுரக்கிறது, பிறகு அதைக் கழற்றிவிட வேறொரு பொருளையும் சுரக்கிறது. ஒரே ஒருமுறை அதை மெல்லப் புரட்டிப் போட்டு, நிமிர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் எந்தக் கை மடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். அதற்குத் தலை இல்லை. எந்தக் கையும் முன்னால் போகலாம்.

கடல் முள்ளெலிக்கும் அதே குழாய்க்கால்கள்தாம். முட்களையும் ஊன்றி நடக்கும். கையில் எடுக்க வேண்டாம், முள் தோலுக்குள் முறிந்துவிடும். நொறுங்கு நட்சத்திரம் மட்டும் இந்த உறவில் வேறு மாதிரி: அதன் நடையில் குழாய்க்காலுக்குப் பெரிய பங்கில்லை, கைகளையே துடுப்பாக வீசி விரைந்து ஓடும்.

அடுத்து நத்தை. டப்பாச் சுவரில் ஏறும் நத்தையின் பாதத்தை வெளியிலிருந்து படம் பிடித்தால் தசை அலைகள் ஓடுவது தெரியும். அலை போகும் திசையும் நத்தை போகும் திசையும் ஒன்றா, எதிரா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் பாதத்தின் சுருங்கிய பகுதி தூக்கி முன் நகர்த்தப்படுகிறது. எதிராக இருந்தால் நீண்ட பகுதி தூக்கப்படுகிறது. சில வகைகளில் பாதத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் மாறி மாறி அடியெடுத்து வைக்கும். சளி இல்லாமல் இந்த நடை இல்லை: பாதம் அசையாத இடத்தில் அது பசையாகப் பிடிக்கிறது, அசையும் இடத்தில் இளகி வழுக்குகிறது. கூம்பு வடிவ ஓடுள்ள நத்தையை மட்டும் தொடவே கூடாது. அதன் விஷப் பல் மனிதரைக் கொல்லக்கூடியது. பாறையில் தொப்பி போல ஒட்டியிருக்கும் லிம்பெட் நத்தையையும் நெம்பாதீர்கள், தசை கிழிந்தால் அது பிழைக்காது.

நண்டுக்கு விறைப்பு வெளியே, ஓட்டில், தசை அதற்குள்ளே. ஒவ்வொரு மூட்டும் கதவுக் கீல் போல ஒரே தளத்தில்தான் மடங்கும். நடைக்கு முக்கியமான மூட்டுகள் பக்கவாட்டில் மடங்குவதால்தான் பக்கவாட்டு ஓட்டம். நொடிக்கு 120 அல்லது 240 படம் எடுக்கும் அமைப்பில் பிடித்தால், போகும் பக்கத்துக் கால்கள் இழுப்பதும் எதிர்ப்பக்கத்துக் கால்கள் தள்ளுவதும் பிரிந்து தெரியும். சாதாரண வேகத்தில் எடுத்தால் கால்கள் கலங்கிவிடும். கொடுக்கோடு சேர்த்துக் கால்கள் பத்து. காலிச் சங்குக்குள் வாழும் துறவி நண்டில் ஆறுதான் தெரியும். மற்ற நான்கு சிறுத்து, சங்குக்குள் இருக்கின்றன. சங்கைப் பிடித்துக்கொள்ள அவை உதவுகின்றன. அது உள்ளே ஒடுங்கிவிட்டால் குலுக்காதீர்கள், நிழல் படாமல் விலகி நின்றால் தானே வரும்.

கடல் சாமந்திக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. வாயை மூடி உள்ளே நீரை அடைத்துக்கொள்வதால் உடல் நிமிர்கிறது. அடித்தட்டை வழுக்கி மிக மெதுவாக நகரும். பார்க்க வேண்டுமானால் நிமிடத்துக்கு ஒரு படம் என்று போனை நிறுத்திவையுங்கள்.

ஆக்டோபஸ் கண்ணில் பட்டால் டப்பாவில் போடாமல் குட்டையிலேயே பாருங்கள். குழல் வழியே நீரைப் பீய்ச்சிப் பாய அதற்குத் தெரியும், ஆனாலும் பெரும்பாலும் ஊர்ந்தே போகும். அதற்கு மூன்று இதயங்கள். நீந்தும்போது உடலுக்கு ரத்தம் அனுப்பும் இதயம் நின்றுவிடுவதால் விரைவில் களைத்துப்போகிறது.

பார்த்து முடித்ததும் ஒவ்வொன்றையும் எடுத்த குட்டையிலேயே, நீருக்குள் கை வைத்து விடுங்கள், மேலிருந்து கொட்டாதீர்கள். புரட்டிய கல்லை முன்பு இருந்த பக்கமாகவே திருப்பி வையுங்கள். கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் உயிர்கள் ஒரு மணி நேர வெயிலைக்கூடத் தாங்காமல் போகலாம்.