குளிரில் அடம்பிடிக்கும் டீசல் கார்: பேட்டரிக் கடைக்கு ஓடும் முன்

போன ஜனவரியில் ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் ஒரு ராத்திரி தங்கினோம். காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் புல்லெல்லாம் உப்பு தூவினது போல உறைபனி. செல்ஃப் அடித்தேன், இன்ஜின் நன்றாகத்தான் சுற்றியது, ஆனால் பிடிக்கவே இல்லை. நான்காவது முறை வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, தடதடவென்று உதறி, ஒருவழியாக ஓட ஆரம்பித்தது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் புது பேட்டரி போட்டேன். ஏழாயிரம் ரூபாய் தண்டம்.

இன்ஜின் விறுவிறுவென்று சுற்றுகிறதா, பேட்டரி தன் வேலையைச் செய்துவிட்டது. இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினால்தான் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர் பக்கம் போக வேண்டும்.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்குவதால் வரும் சூட்டில்தான் அது பற்றும், சில்லென்றிருக்கும் இன்ஜின் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தமே கடல் மட்டத்தைவிடக் கால்வாசி அளவு குறைவு. இதை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்குள் மின்சாரத்தால் சூடேற்றும் ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பியதும் மஞ்சளாக ஒரு சுருள் விளக்கு எரியுமே, அது அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். சமவெளியில் ஓட்டிப் பழகிய நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்த தவறு, வண்டியைப் பகல் பதினோரு மணிக்கு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்துவது. சூடாக ஓடி வந்த இன்ஜின் ஒரே அடியில் பிடிக்கும், அவரும் 'நல்லாத்தானே சார் இருக்கு' என்று அனுப்பிவிடுவார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. முந்தின நாளே விட்டுவிட்டு வந்து, காலையில் அவரையே முதல் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

புகையையும் பாருங்கள். வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, எரியவில்லை; பெரும்பாலும் ஹீட்டர் பிளக்தான். புகையே இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை, ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா, பைப்பில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று தேட வேண்டும்.

ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். பல்பின் ஒரு வயரை பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்து, இன்னொன்றை பிளக்கின் தலையில் தொடுங்கள்; எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் பிளக் போய்விட்டது. ஆனால் பிளக்குகளுக்கு வரும் வயரையோ இணைக்கும் தகட்டையோ முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பிளக் ஒன்று செத்த பிளக்குக்கும் சேர்த்து பல்பை எரியவைத்து ஏமாற்றிவிடும். எல்லா பிளக்கும் நன்றாக இருந்தால், அவற்றுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைப் பாருங்கள்.

செத்த பிளக்கைக் கழற்றும்போது பலத்தைக் காட்டாதீர்கள். வருஷக்கணக்கில் கரி பிடித்து இறுகியிருக்கும், முறுக்கினால் பாதி உள்ளேயே உடைந்து, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றும் செலவில் கொண்டுவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது, துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவதே வழி.

அப்புறம் இன்னொரு தவறு, பிடிக்காத இன்ஜினைக் கிளப்ப ஏர் ஃபில்டருக்குள் சட்டென்று பற்றும் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது. சிவக்கச் சூடேறிய பிளக் இருக்கும் இன்ஜினில் அது நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது பழைய லாரிக்காரர் வைத்தியம், இன்றைய டீசல் இன்ஜின்களில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் காமன் ரெயில் பம்புக்கு டீசலின் வழவழப்புதான் உயிர், அது குறைந்தால் பம்ப் தேய்ந்துவிடும். டீசலே உறைந்துபோவது லடாக் கதை. அங்கேதான் 2019-இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலைக் கொண்டுவந்தது. ஊட்டிக் குளிருக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம்.

பத்து விநாடிக்கு மேல் விடாமல் செல்ஃப் அடிக்கவும் கூடாது, மோட்டார் கருகும். அரை நிமிஷம் விட்டு அடியுங்கள்.

என் வண்டியில் நான்கு பிளக்கில் மூன்று போயிருந்தன. எக்ஸ்சேஞ்சில் கொடுத்த அந்தப் பழைய பேட்டரி இன்னும் ஒரு வருஷமாவது ஓடியிருக்கும்.