எதிர் டீம் ஓனரை வச்சு கலாய்ப்பது எப்படி? ஒரு லிவர்பூல் வெறியனின் செய்முறை

ஸ்கோரை மட்டும் வச்சு கலாய்க்கிறவன் கத்துக்குட்டி. இன்னைக்கு 3-0ன்னு ஸ்டேட்டஸ் போடுவீங்க, அடுத்த வாரம் நம்ம டீம் எவன்கிட்டயாவது வாங்கிட்டு வரும், அவன் அதே ஸ்டேட்டஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நமக்கே அனுப்புவான், சோலி முடிஞ்சுது. ஓனர் மேட்டர் அப்படி இல்ல பாஸ். கோச் மாறுவான், பிளேயர் மாறுவான், ஓனர் மட்டும் இருபது வருஷமானாலும் அதே சீட்ல உக்காந்திருப்பான். இதுல இன்னொரு வசதி, அந்த கிளப் ரசிகனுக்கே அவங்க ஓனரை புடிக்காது, அதனால நீங்க ஓட்டும்போது கோவமும் வரும், மறுத்துப் பேசவும் வாய் வராது. அந்த முழிப்பைப் பாக்கத்தான் நாம இவ்ளோ மெனக்கெடுறோம்.

இங்கிலாந்து ஃபுட்பால்ல நான் லிவர்பூல், அதனால உதாரணத்துக்கு எடுத்துக்கப்போறது மான்செஸ்டர் யுனைட்டட். வேற யாரை எடுப்பேன்.

மொதல்ல சரக்கு சேருங்க. சும்மா "உங்க ஓனர் கஞ்சன்"னு சொன்னா எடுபடாது, ஏன்னா யுனைட்டட் வாங்கித் தள்ளாத ஆளே இல்ல, பணம் தண்ணியா செலவாகியிருக்கு. அவங்க வலி வேற இடத்துல இருக்கு. 2005ல அமெரிக்காலேர்ந்து மால்கம் கிளேசர்னு ஒருத்தர் வந்து சுமார் 79 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்குனாரு, அதுல பாதிக்கு மேல கடன். அந்தக் கடன்ல பெரும் பங்கை, அதுவரைக்கும் கடனே இல்லாம இருந்த கிளப் தலையில கட்டினாங்க. புரியற மாதிரி சொல்லணும்னா, ஒருத்தன் உங்க வீட்டை வாங்க அந்த வீட்டுப் பத்திரத்தையே அடமானம் வச்சு கடன் வாங்குறான், வட்டியை மாசாமாசம் நீங்க கட்டணும், நடுவுல அவனுக்கு டிவிடெண்ட்னு ஒரு பங்கு வேற எடுத்து குடுக்கணும். அப்பவே வெறுத்துப்போன ஒரு கூட்டம் வெளிய போய் எஃப்சி யுனைட்டட் ஆஃப் மான்செஸ்டர்னு தனி கிளப்பே ஆரம்பிச்சிட்டாங்க. 2010ல ஸ்டேடியம் முழுக்க பச்சை-மஞ்சள் துண்டு, கிளப் 1878ல நியூட்டன் ஹீத்னு ஆரம்பிச்ச காலத்து கலர் அது. 2021 மே 2ம் தேதி ரசிகர்கள் மைதானத்துக்குள்ளயே புகுந்து எங்க கூட இருந்த மேட்சையே தள்ளி வைக்க வச்சாங்க. இவ்ளோ கதை தெரிஞ்சு பேசினாதான் எதிர்ல இருக்கிறவன் உங்களை மதிச்சு திட்டுவான்.

அடுத்தது ரொம்ப முக்கியம். கடன், டிவிடெண்ட்னு பெரிய விஷயத்தை ஜோக்கா மாத்த முடியாது, கேக்குறவனுக்கு கொட்டாவி வந்துரும். சின்னப் பொருளா புடிங்க. கையில எடுத்து காட்டற மாதிரி இருக்கணும். யுனைட்டட்டுக்கு நூடுல்ஸுக்கு தனி ஸ்பான்சர் இருந்துச்சு, மெத்தை தலகாணிக்கு தனி ஸ்பான்சர் இருந்துச்சு. இதுக்கு மேல எழுதவே வேணாம், தோத்த அன்னைக்கு "சரி விடு, மெத்தை இருக்கு, நூடுல்ஸ் இருக்கு, சாப்ட்டு தூங்கு"ன்னு ஒரு வரி போதும். ஆபீஸ்ல எனக்கு சீனியரா ஒரு யுனைட்டட் அண்ணன் இருக்காரு, அவருக்கு நான் வருஷக்கணக்கா அனுப்பறது இந்த ஒரு வரிதான், இன்னும் புளிக்கல.

அதை விட தரமான சம்பவம் கூரை. 2024 மே மாசம், யுனைட்டட்டோட சொந்த மைதானம் ஓல்ட் டிராஃபோர்டுல ஆர்சனல் வந்து 1-0ன்னு ஜெயிச்சிட்டுப் போன அன்னைக்கு செம மழை. ஸ்டாண்டோட ஒரு மூலையில கூரையிலேர்ந்து தண்ணி ஒழுகல, கொட்டுது. தாரை தாரையா சீட்டு மேல விழுது, பக்கத்துல ஒரு கூட்டம் நின்னு போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருக்கு. உலகத்துலயே பணக்கார கிளப்புகள்ல ஒண்ணு, ஆனா மழைக்கு வாளி வைக்கணும். நான் அன்னைக்கு நைட்டு அண்ணனுக்கு அந்த வீடியோவை அனுப்பி, "குற்றாலத்துல இன்னும் சீசன் ஆரம்பிக்கல, உங்க ஊர்ல மெயின் அருவியிலயே கொட்டுது போல, எண்ணெய் தேச்சு குளிச்சிட்டு வாங்க"ன்னு போட்டேன். அந்த ஆளு யுனைட்டட் குரூப்லயே அதை ஃபார்வர்ட் பண்ணிட்டாரு. எதிர் டீம்காரனே ஃபார்வர்ட் பண்ணா அதுதான் பாஸ் மார்க்.

அப்புறம் ஆசை சுருங்குறதை ஓட்டுறது. இதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு. ஒரு கிளப் எதை சாதனைன்னு சொல்லிக்குதுன்னு வருஷாவருஷம் கவனிங்க. மொதல்ல லீக் பட்டம், அப்புறம் டாப் 4, அப்புறம் ஐரோப்பாவுல ஏதோ ஒரு போட்டி, கடைசியா "ப்ராசஸை நம்புங்க". இந்தப் படிக்கட்டுல ஆள் எங்க நிக்கிறான்னு பாத்து அந்தப் படிக்கு மட்டும் ஜோக் அடிங்க. ஆர்சனல் கோச் ஆர்சன் வெங்கர் 2012 வாக்குல நாலாவது இடமும் ஒரு கோப்பை மாதிரிதான்னு சொல்லப்போய் ஆர்சனல்காரனை எத்தனை வருஷம் வச்சு செஞ்சோம்! யுனைட்டட் கதை இன்னும் செங்குத்து. 2013ல கோச் ஃபெர்குசன் கிளப்போட 20வது லீக் பட்டத்தோட ரிட்டையர் ஆனாரு, அதோட சரி. அப்புறம் கோச்சா மோயஸ், வான் ஹால், மொரீன்யோ, சோல்ஷர், டென் ஹாக், அமோரிம், நடுவுல தற்காலிக ஆளுங்க தனி. 2024-25ல வெறும் 42 பாயிண்ட், 15வது இடம். அந்த சீசன்ல யூரோப்பா லீக் ஃபைனல்ல பில்பாவோல இவங்களும் டாட்டன்ஹாமும் மோதுனாங்க, டாட்டன்ஹாம் லீக்ல 17வது, இவங்க 15வது, ஒரு கோப்பைக்கு. அதுலயும் 1-0ன்னு தோத்தாங்க. அடுத்த ஆகஸ்ட்ல நாலாவது டிவிஷன் டீம் கிரிம்ஸ்பி கிட்ட பெனால்டில 12-11ன்னு வெளிய. இதுல 2028ல கிளப்புக்கு 150 வயசாகுது, அதுக்குள்ள லீக் அடிச்சிரணும்னு ஒரு இலக்கு வேற. இங்க நீங்க ஜோக்கே சொல்ல வேணாம், தேதியையும் நம்பரையும் வரிசையா வச்சுட்டு சும்மா இருங்க, அதுவே பேசும்.

2024ல ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்கு மேல பங்கு வாங்கி உள்ள வந்ததும் புதுச் சரக்கு கொட்டுச்சு. ஃபெர்குசனுக்கு தூதர்னு வருஷாவருஷம் குடுத்துட்டிருந்த காசை நிறுத்துனாரு. ஸ்டாஃப் கேன்டீன் சாப்பாட்டுல கை வச்சாரு, ஓல்ட் டிராஃபோர்டுல இலவச சாப்பாட்டுக்கு பதிலா பழம். நீங்க "ஸ்ட்ரைக்கருக்கு கோடிக்கணக்குல குடுத்துட்டு வாழைப்பழத்துல மிச்சம் புடிக்கிறாங்க"ன்னு தாராளமா ஓட்டலாம். ஆனா அதே நேரத்துல முதல்ல ஒரு 250 பேர், அப்புறம் இன்னும் 200 பேர் வரைக்கும்னு வேலையை விட்டுத் தூக்குனாங்க, அதை வச்சு சிரிக்காதீங்க. டிக்கெட் கிழிக்கிறவரும் சமையல்காரரும் நம்ம டார்கெட் இல்ல, மேல உக்காந்திருக்கிறவன்தான் டார்கெட்.

எல்லை பத்தி சொல்லும்போதே இதையும் சொல்லிடறேன். 1958ல யுனைட்டட் டீம் போன விமானம் மியூனிக்ல விபத்தாகி 23 பேர் செத்தாங்க, ஹில்ஸ்பரோ மைதான நெரிசல்ல எங்க ஆளுங்க 97 பேர். இந்த ரெண்டையும் வச்சு பாட்டு பாடுற ஜென்மங்க ரெண்டு பக்கமும் இருக்கு, அது கலாய்ப்பே இல்ல, இப்பல்லாம் இங்கிலாந்துல போலீஸ் கேஸ், ஸ்டேடியம் பக்கமே வரக்கூடாதுன்னு தடை. ஓனரோட மதம், இனம், நாடுன்னு போறதும் அதே குப்பைதான். அவன் கிளப்பை என்ன பண்ணான்ங்கிறதுலயே வேணுங்கிற அளவுக்கு மேட்டர் இருக்கும்போது வேற எதுக்கு.

இப்ப உங்க முதுகு. இதைப் பாக்காம இறங்கினா பல்பு நிச்சயம், நானே வாங்கியிருக்கேன். 2023 மார்ச் 5, எங்க மைதானம் ஆன்ஃபீல்டுல நாங்க யுனைட்டட்டை 7-0 அடிச்ச நைட்டு, செகண்ட் ஹாஃப்ல மட்டும் ஆறு. எனக்கு தலைகால் புரியல, அண்ணனுக்கு கோலுக்கு ஒண்ணா கிளேசர் மீம் அனுப்பிக்கிட்டே இருந்தேன். ஏழாவது மீம் போனதும் அவர் பொறுமையா ஒரு மெசேஜ் போட்டாரு: "தம்பி, ஹிக்ஸ், கில்லட் சௌக்கியமா? அறுபது நாள்ல ஸ்டேடியத்துக்கு மண்வெட்டி போடறேன்னாங்களே, போட்டாச்சா?" அவ்ளோதான். 2007ல எங்களையும் ரெண்டு அமெரிக்கக்காரங்க இதே மாதிரி கடன்ல வாங்கி, ஸ்டேடியம் கட்டறேன்னு சொல்லி கடைசி வரைக்கும் கட்டாம, 2010ல கோர்ட் வரைக்கும் போய் 30 கோடி பவுண்டுக்கு கைமாறின கதை அவருக்கு என்னை விட நல்லா தெரியும். இப்ப இருக்கிற ஓனரும் யோக்கியம் இல்ல, 2016ல டிக்கெட்டை 77 பவுண்டு ஆக்கப் பாத்து, எங்க ஆளுங்க 77வது நிமிஷத்துல கூட்டமா எழுந்து வெளிய போனப்புறம்தான் பின்வாங்குனாங்க. 2021ல பெரிய கிளப்பெல்லாம் சேர்ந்து தனியா ஆரம்பிக்கப் பாத்த சூப்பர் லீக்ல யுனைட்டட்டும் நாங்களும் ஒரே நாள்ல கையெழுத்து போட்டோம், அதனால அந்த டாபிக்கை மட்டும் நான் தொடவே மாட்டேன்.

இன்னொரு பதிலடியும் வரும்: "கிளேசர் வந்தப்புறம்தான் அஞ்சு லீக், ஒரு சாம்பியன்ஸ் லீக் அடிச்சோம்." உண்மைதான், மழுப்பாதீங்க. "அடிச்சது ஃபெர்குசன், அவர் போன மறுநாள்லேர்ந்து கணக்கு சொல்லுங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டு நகருங்க. அதுக்கு மேல வாதாடினா கலாய்ப்பு போய் பட்டிமன்றம் ஆயிரும்.

மத்த கிளப்புக்கும் இதே ரூல்தான், பொருள் மட்டும் மாறும். டாட்டன்ஹாம்னா ஸ்டேடியம் அடியில கோ-கார்ட் ட்ராக் இருக்கு, ஜெயிச்ச கோச்சை கோப்பை அடிச்ச பதினாறாவது நாள் தூக்குனது இருக்கு. நியூகாசில்னா பழைய ஓனர் மைதானத்துக்கே தன் கடை பேரை வச்சது. பிளாக்பர்னை 2010ல வாங்கினது புனே கோழி கம்பெனி, 2012ல டீம் கீழ இறங்குன மேட்ச்ல ரசிகர்கள் கிளப் கொடியைப் போர்த்தி ஒரு உயிர்க்கோழியை கிரவுண்டுக்குள்ள விட்டாங்க. அதுக்கு மேல ஒரு மீமை யாராலயும் செய்ய முடியாது, நான் தலைவணங்குறேன்.

நேரம் பாத்து அனுப்புங்க. விசில் அடிச்ச ரெண்டாவது நிமிஷம் அனுப்பினா அவன் போனையே தூக்கி வச்சிருவான். மறுநாள் காலைல, காபி குடிக்கிற நேரத்துல, ஒரே ஒரு படம். விளக்கம் கூடாது, சிரிப்பு எமோஜி பத்து பதினஞ்சு போடக்கூடாது.

வாங்குற நாளும் வரும், அதுக்கும் ரெடியா இருங்க. 2025 அக்டோபர் 19, தீபாவளிக்கு மொத நாள் நைட்டு. அந்த சம்மர்ல நாங்க ஸ்ட்ரைக்கர் ஈசாக் ஒருத்தனுக்கே 12.5 கோடி பவுண்டு கொட்டியிருந்தோம். யுனைட்டட் ஆன்ஃபீல்டுக்கு வந்து மொத நிமிஷம் தாண்டுன உடனே ஒண்ணு, நாங்க 78ல சமன் பண்ணோம், 84ல மக்வயர் தலையால முட்டினான், 2-1. 2016க்கு அப்புறம் ஆன்ஃபீல்டுல அவங்க ஜெயிக்கிறது அன்னைக்குதான். வெளிய தெருவெல்லாம் வெடிச் சத்தம், எனக்கென்னவோ எல்லாம் யுனைட்டட்டுக்காக வெடிக்கிற மாதிரியே இருந்துச்சு. அண்ணன் அன்னைக்கு நைட்டு ஒண்ணும் அனுப்பல. மறுநாள் காலைல, எண்ணெய்க் குளியல் முடிச்சு போனை எடுக்கிறேன், ஒரு ஃபோட்டோ வந்திருக்கு. மெத்தை மேல சம்மணம் போட்டு உக்காந்து, கையில ஒரு கிண்ணம் நூடுல்ஸ்.