இன்ஜினுக்குள் போல்ட் விழுந்துவிட்டதா? கிக்கரை மிதிக்காதீர்கள்

கிக்கரை மிதிக்க வேண்டாம், செல்ஃப் பட்டனைத் தொட வேண்டாம், கியரில் இருக்கும் வண்டியை ஓரமாகத் தள்ளவும் வேண்டாம். சக்கரம் சுற்றினால் இன்ஜினும் சுற்றும். வண்டியைச் சாய்க்கவும் கூடாது. ஏதோ ஒரு விளிம்பில் தங்கியிருக்கும் போல்ட், சாய்த்தவுடன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

நான் சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் பைக் மெக்கானிக். சாப்பாடு டெலிவரி ஓட்டும் தம்பிகள் செலவை மிச்சம் பிடிக்கத் தாங்களே பிரித்துப் பார்த்து, பாதியில் கொண்டுவருவது இங்கே வழக்கம். அதில் தப்பே இல்லை, சொந்த வண்டியைக் கழற்றத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் ஒருமுறை வந்த ஹோண்டா வேவ் வண்டியில், உள்ளே விழுந்த போல்ட்டோடு யாரோ கிக்கரை உதைத்திருந்தார்கள். இன்ஜினுக்குள் ஓடும் கேம் செயினுக்கும் கிராங்க் (பிஸ்டனால் சுழலும் தண்டு) பல்லுக்கும் நடுவே போல்ட் சிக்கி, இன்ஜின் கேஸ் விரிசல் விட்டிருந்தது. சி.ஓ.இ., அதாவது இங்கே வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், பத்து வருடத்துக்கு. இந்த ஊரில் சின்ன பைக்கின் விலையைவிட அதன் சி.ஓ.இ. அதிகம். சில காசு போல்ட்டுக்காக அப்படி ஒரு வண்டி படுத்துவிடுவது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அடுத்து, விழுந்தது என்ன பொருள் என்று யோசியுங்கள். சாதாரண போல்ட், வால்வு காட்டர் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் சின்னப் பூட்டு), பிஸ்டன் பின் லாக் (பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்) எல்லாம் எஃகு, காந்தத்தில் ஒட்டும். செம்பு வாஷர், அலுமினியத் துண்டு, ஓ-ரிங் ஒட்டாது. கடையில் அழகுக்காக வாங்கி மாட்டிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டையும் நம்பாதீர்கள், பெரும்பாலும் காந்தத்துக்கு அசையாது. அதே ஜோடிப் போல்ட் ஒன்றை வெளியே காந்தத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அதிகம் விழுவது கேம் ஸ்பிராக்கெட் போல்ட்தான், வால்வைத் திறக்கும் கேமின் பல்சக்கரத்தைப் பிடிப்பது அது. வேவில் ஹெட்டின் (சிலிண்டரின் மேல் மூடி) இடது பக்கக் கவரைக் கழற்றினால் ஸ்பிராக்கெட் தெரியும். அதற்குக் கீழே செயின் ஓடும் குழி நேராக கிராங்க் வரை இறங்குகிறது. விரலில் இருந்த எண்ணெயில் போல்ட் வழுக்கினால் அந்தக் குழிக்குள்தான் போகும். முதலில் செயினை ஒரு கம்பியில் கட்டி மேலே பிடித்து வையுங்கள், அதுவும் உள்ளே விழுந்தால் வேலை இரட்டிப்பு. பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். போனில் செருகும் சின்ன எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. செயின் கைடின் ஓரத்தில் போல்ட் உட்கார்ந்திருப்பது பல நேரம் முதல் பார்வையிலேயே தெரியும்.

நீட்டும் காந்தக் குச்சியை அப்படியே உள்ளே விட்டால் அது செயினில் ஒட்டும், அங்கிருந்து பிய்த்தால் சிலிண்டர் சுவரோரப் போல்ட்டில் ஒட்டும், உங்கள் பொறுமைதான் போகும். சிம் லிம் டவரில் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கும். காந்தத்தின் பக்கங்களை மூடும்படி அதைப் போட்டுச் சூடாக்கி, நுனியை மட்டும் திறந்து விடுங்கள். அவசரத்துக்குத் தடிமனான உறிஞ்சுகுழலும் போதும், பபிள் டீக்குக் கொடுக்கிறார்களே, அது. உள்ளே விடுவதற்கு முன் காந்தத்தின் தலையைக் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். மலிவான குச்சிகளில் தலை வெறும் பசையில்தான் நிற்கிறது. அதுவும் உள்ளே கழன்றுவிட்டால் இரண்டு பொருளைத் தேட வேண்டும்.

காந்தத்துக்கு ஒட்டாத பொருள் என்றால், ஒரு நீளக் கம்பியின் நுனியில் கெட்டியான கிரீஸ் உருண்டை வைத்து மெதுவாக அழுத்தித் தூக்குங்கள். நான்கு நகம் விரியும் கிராப்பரும் உதவும், ஆனால் பொருள் கண்ணில் தெரிந்தால் மட்டுமே.

கீழே போய்விட்டதா? வண்டியை நேராக ஸ்டாண்டில் நிறுத்தி எண்ணெயை வடியுங்கள். டீ வடிகட்டி ஒன்றை டிரெயின் துளைக்குக் கீழே பிடியுங்கள், சின்னதாக இருந்தால் எண்ணெயோடு வந்துவிடும். வராவிட்டால் இடது பக்க மேக்னெட் கவரைக் கழற்றுங்கள். அதற்குள் கிராங்கோடு சுற்றும் பிளைவீலில் காந்தம் இருப்பதால் போல்ட் அதில் போய் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பின்பக்கம் பார்க்க வேண்டுமானால் சரியான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டே பிளைவீலை எடுங்கள், சுத்தியலால் தட்டக் கூடாது. இந்த இடத்தில் கை தயங்கினால் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புங்கள், ஓட்டி அனுப்பாதீர்கள். வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் கேனில் கொண்டுவந்தால், உரிமம் வாங்கியவர்கள் எடுத்துப்போகும் எங்கள் டிரம்மில் சேர்த்துவிடலாம்.

ஸ்பார்க் பிளக் துளை வழியாக சிலிண்டருக்குள் விழுந்தால் கதை வேறு. பொருள் பிஸ்டன் தலைமேல் இருக்கும். பிஸ்டனைக் கையால் கொஞ்சம் மேலே கொண்டுவரலாம், உச்சிக்கு விடக் கூடாது, வால்வோடு சேர்த்து நசுக்கும். கம்ப்ரஸர் காற்று அடிக்கவே அடிக்காதீர்கள், வால்வு சீட்டில் போய் ஒளிந்துகொள்ளும். வேக்யூம் கிளீனர் வாயில் மெல்லிய குழாயை டேப் சுற்றி இணைத்து உறிஞ்சுங்கள். மணல், கார்பன், அலுமினியத் துகள் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

இரண்டு ஸ்ட்ரோக் யமஹா ஆர்எக்ஸ்இசட் வைத்திருப்பவர்களுக்கு: பிஸ்டன் பின் லாக் கிராங்க் கேஸுக்குள் துள்ளி விழுந்தால், முதலில் டிரான்ஸ்பர் வழிகளில் (கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டருக்குக் கலவை ஏறும் பாதைகள்) காந்தம் விட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இன்ஜினை இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பது தவிர வேறு வழி இல்லை. ஒரு நாள் வேலைதான், கிராங்க் போனால் ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால் அது பெரிதல்ல.

லாக் கழற்றுவதற்கு முன்பே கிராங்க் கேஸின் வாயில் துணி அடைப்பது இதற்காகத்தான். நூல் உதிராத, பெரிய துணியாக இருக்கட்டும், ஒரு முனை வெளியே தொங்கட்டும். கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் துளையிட்டு, அவை இருந்த இடத்தின் வரிசையிலேயே குத்தி வையுங்கள்.

எடுத்த பிறகு அது முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். லாக் உடைந்திருந்தால் துண்டுகளை வெள்ளைத் தாளில் சேர்த்து, புது லாக்கின் பக்கத்தில் வையுங்கள். ஒரு நுனி குறைந்தாலும் தேடல் முடியவில்லை. எல்லாம் பொருந்தினால் டைமிங் (கேம், கிராங்க் குறிகள் ஒத்துப்போவது) சரிபார்த்து மூடி, பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னெட் பக்கத்து நட்டில் சாக்கெட் போட்டு கிராங்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் பலம் போடாமல் அங்கேயே நிறுத்துங்கள். தடுக்காவிட்டால் புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம்.