நீர்க்கட்டியைக் கரைப்பதற்காகச் சாப்பிடாதீர்கள்

பிசிஓஎஸ், அதாவது பெண்களின் சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு, என்றதும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள நீர்க்கட்டிதான் நோய் என்று நினைத்து, அதைக் கரைக்க என்ன சாப்பிடலாம் என்று தேட ஆரம்பிக்கிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அவை கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். கழற்சிக்காய்ப் பொடியோ வெந்தயத் தண்ணீரோ கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பலருக்கு உள்ளே நடப்பது வேறு. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடல் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின், ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும்படி சினைப்பையைத் தூண்டுகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அதன் தொடர்ச்சி. சாப்பாட்டால் நாம் சரிசெய்யப் பார்க்க வேண்டியது இந்த இன்சுலினைத்தான்.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுவதில் பெரிய பலன் இல்லை. இன்சுலினுக்கு அவையும் சர்க்கரைதான். பாட்டி கிண்டித் தரும் உளுந்தங்களி அருமையான உணவு. உளுந்தைக் குறைக்காதீர்கள், கருப்பட்டியைக் குறையுங்கள். சிறுதானியமும் அப்படியே. மாவாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி ரத்தச் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். அரிசியோ வரகோ, தட்டில் அதன் அளவு குறைந்து, பக்கத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ, கூடவே நிறையப் பொரியலோ வந்தால்தான் மாற்றம். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி என்பதை இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பருப்பும் காயும் நிறைந்த சாம்பார் என்று மாற்றிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது பட்டினி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், இரவில் பழம் மட்டும் தின்று, ஒரே மாதத்தில் இளைக்கப் பார்க்கிறார்கள். உடலுக்குப் போதிய உணவு கிடைக்காவிட்டால் அதனாலேயே மாதவிடாய் நின்றுபோகலாம். நோய் முற்றிவிட்டது என்று பயந்து இன்னும் குறைப்பார்கள். எடை கூடியவருக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சுழற்சி சீராக வாய்ப்புண்டு. 70 கிலோ என்றால் 3.5 முதல் 7 கிலோ. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். அவர்கள் இளைக்க வேண்டியதே இல்லை.

பால், கோதுமையை எல்லோரும் அறவே விட வேண்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 2023-இல் வந்த, பிசிஓஎஸ்ஸுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலும் இந்த ஒரு டயட்தான் சிறந்தது என்று எதையும் சொல்லவில்லை.

உணவை மாற்றிவிட்டோமே என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பம் இல்லாமலே மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகலாம். இன்சுலின் நன்றாக வேலை செய்யக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்கள், அதிலும் சைவம் சாப்பிடுபவர்கள், வைட்டமின் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.